புரட்டாசியில் ஒரு பூச்சிப் பெட்டி

என்னைப்போல் அவசரக்குடுக்கை எங்கள் ஊர் லாயாங் லாயாங்கில் வேறு யாரும் இருக்க முடியாது. செம்பனைத் தோட்டத்தில் பூச்சிக் கண்காணிப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மனுப் போடுவதற்கு முன்பே பெருமாள் கோயிலுக்கு ஓடினேன். விடியுமுன்னே பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போய் நின்றுகொண்டே வேலை பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. "இந்த வேலையை வாங்கிக் குடுத்துடு சாமி. வருஷா வருஷம் புரட்டாசி முழுக்க சைவம். அந்த மாசம் ஓர் உயிரையும் கொல்ல மாட்டேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

வேலைக்கு முன்னால் ஒரு பயிற்சி உண்டு. அது நடந்ததும் புரட்டாசியில்தான். சொல்லிக் கொடுக்க வந்த பூச்சியியல் டாக்டர் வசந்தினி பொந்தியான் ஊர்க்காரி. என் வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சு பட்டாசு. முதல் நாளே ஒரு கண்ணாடிப் போத்தலை மேசைமேல் வைத்தார்.

"இது கொல்ற போத்தல். வண்டு ஒரு வரிசை, ஈயும் கொசுவும் ஒரு வரிசை, அந்துப்பூச்சி ஒரு வரிசை. இப்படிப் பத்து வரிசையில பூச்சி பிடிச்சு, கொன்னு, ஊசி குத்தி, எங்க பிடிச்சதுன்னு சீட்டு எழுதிக் கொண்டாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் பாஸ் இல்ல."

சாமியிடம் கேட்ட வேலை, சாமிக்குக் கொடுத்த வாக்கை மீறச் சொல்கிறது!

வீட்டில் சொன்னபோது என் கணவர் குணாளன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் லோரி ஓட்டுகிறவர். புரட்டாசியிலும் வெளியே போனால் கோழிதான். "நான் கொன்னு தரேன்லா. நான்தான் ஏற்கனவே பாவியாச்சே."

"ஆள் வெச்சுக் கொன்னாலும் கணக்கு என் பேர்லதான் ஏறும். பேசாம இருங்க" என்றேன்.

அப்புறம்தான் யோசனை வந்தது. தானாகச் செத்ததை எடுத்தால் யாருக்கு என்ன பாவம்? சனிக்கிழமை பூசைக்காகக் கோயிலில் பெரிய விளக்குகள் போடுவார்கள். காலையில் அவற்றின் கீழே பூச்சிகள் உதிர்ந்து கிடக்கும். கட்டெறும்பு இழுத்துப் போவதற்குள் நான் தூரிகையும் காலி மருந்து டப்பாவுமாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். கோயில் கூட்டுகிற கிருஷ்ணம்மா முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அவளே காகிதத்தில் பொட்டலம் கட்டி வைக்க ஆரம்பித்தாள். ஒருநாள் செருப்பால் நசுக்கிய கரப்பானையும் கொண்டுவந்தாள்.

"நான்தான் அடிச்சேன், உனக்குப் பாவம் இல்ல."

"அதுக்குத் தலையே இல்லையேக்கா!"

காலில்லாதது, றெக்கை கிழிந்தது என்று தேடித்தேடி ஒன்பது வரிசை சேர்த்துவிட்டேன். தட்டான்தான் கிடைக்கவில்லை, அது பகலில் பறக்கிறது, விளக்குக்கு வராது. கடைசியில் குணாளனின் லோரி முன்பக்கக் கம்பி வலையில் ஒரு தட்டான் சிக்கிச் செத்திருந்தது. லோரி கழுவாத மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக வாழ்க்கையில் முதல்முறையாக சந்தோஷப்பட்டேன்.

கடைசி நாள் டாக்டர் என் பெட்டியைக் குனிந்து பார்த்தார். நொண்டியும் முடமுமான கூட்டத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். தட்டானின் சீட்டைப் படித்ததும் நிமிர்ந்தார்.

"லோரின்னு எழுதியிருக்கீங்க. எந்த ஊர்ல அடிபட்டுச்சு?"

"சாஆவுல இருந்து பொந்தியான் வரைக்கும் போய்ட்டு வந்துச்சு டாக்டர். நடுவுல எங்கயோ."

"எங்கயோன்னா? இடம் தெரியாத பூச்சியால ஒரு பிரயோஜனமும் இல்ல. இது சேராது. நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு, வேற கொண்டாங்க."

பூச்சி வலையை எடுத்துக்கொண்டு பயிற்சி மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கால்வாய்க்கு ஓடினேன். டாக்டரும் ஒரு கையில் போத்தலும் மறு கையில் போனுமாக வந்தார். புல் நுனியில் சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒரே வீச்சு. நான்கு றெக்கைகளையும் சேர்த்து விரல் நுனியில் பிடித்தேன்.

"பேர் சொல்லுங்க."

"தட்டான் வரிசை. உட்காரும்போது றெக்கையை விரிச்சே வெச்சிருந்துச்சு, அதனால ஊசித்தட்டான் இல்ல. பின்றெக்கை முன்றெக்கையை விட அகலம். இவ்வளவு சிவப்பா இருக்கு, அப்போ ஆண்."

டாக்டர் போத்தலைத் திறந்து நீட்டினார். தட்டானின் கால்கள் என் விரலைப் பற்றி இழுத்தன. நாளை விடியுமுன் வரப்போகும் தொழிற்சாலை பஸ் என் கண்முன் வந்து நின்றது. அழுகையே வந்துவிட்டது. விரலைத் திறந்தேன். அது போய்விட்டது.

"அலமாக்! ஏன் விட்டீங்க?"

வேண்டுதலை முழுவதும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போத்தலை மூடிவிட்டு, மறு கையிலிருந்த போனை என்னிடம் காட்டினார். என் விரலுக்கு நடுவில் தட்டான், பளிச்சென்று.

"நீங்க பேசும்போதே எடுத்துட்டேன். தட்டான் செத்தா நிறம் போயிடும். உயிரோட பார்த்து, சரியாப் பேர் சொல்லி, இடத்தோட ஒரு படம் இருந்தா எனக்குப் போதும். பத்து வரிசையும் ஆச்சு. பாஸ்!"

அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

"போதும், விடுங்க. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க. அந்தத் தோட்டத்துல செம்பனை ஓலையைத் தின்னுற கூட்டுப்புழு பரவிடுச்சு, எல்லாத்தையும் அழிக்கணும்."

நான் கட்டிப்பிடித்த கையை மெதுவாக எடுத்தேன். "டாக்டர், புரட்டாசி முடிய இன்னும் பத்து நாள் இருக்கே. அதுவரைக்கும் புழுவை எண்ணிட்டு மட்டும் இருக்கட்டுமா?"