மூக்கில் இறங்கிய தண்ணீர்

தையல்காரிக்கு வலது காதுக்கு உள்ளே, மூளையை ஒட்டி வளர்ந்திருந்த கட்டியை எடுத்தாயிற்று. அந்தக் காது போனது போனதுதான். முகத்தின் வலப்பக்கமும் அசைவோ தொடு உணர்ச்சியோ இல்லாமல் மரத்துக் கிடந்தது. மூளையைச் சுற்றியிருக்கும் நீர் கசிந்துவிடாதபடி, எலும்பில் குடைந்த பள்ளத்தை அவள் வயிற்றுக் கொழுப்பை எடுத்தே அடைத்திருந்தார்கள்.

“இத்தனை நாள் சும்மா சொன்னேன். இப்ப நிஜமாவே உனக்கு மண்டைக்கொழுப்புதான்க்கா,” என்றான் கூட இருந்த தம்பி. அவளுக்குப் பாதி முகத்தில்தான் சிரிப்பு வந்தது.

நர்ஸ் கறாரான ஆள். “குனியக் கூடாது, முக்கக் கூடாது, மூக்கு சிந்தக் கூடாது. தும்மல் வந்தா அடக்காம வாயைத் திறந்து தும்முங்க.”

கட்டுப் பிரிப்பதற்குள் வீட்டில் அப்பா தவறிவிட்டார். தம்பி கேட்கிற காதுப் பக்கமாக வந்து நின்று சொன்னான். “தேம்பித் தேம்பி அழுதுடாதக்கா. தையல் தாங்காது.”

“நான் எங்கடா அழறேன்?”

உண்மைதான். அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தைத்துவைத்த அப்பா சட்டைக்குப் பொத்தான் காஜா எடுக்காமல் வந்தது மட்டும் ஞாபகம் வந்தது.

தம்பிதான் பார்த்தான். அவள் மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அலறியடித்துக்கொண்டு ஓடி டாக்டரம்மாவைக் கூட்டி வந்தான். அவர் சொட்டுகளைக் குப்பியில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

“காதுக்கும் மூக்குக்கும் உள்ளே வழி உண்டு. மூளை நீரா இருந்தா முதுகுல குழாய் போட்டு வடிக்கணும். நிக்கலைன்னா திரும்பத் திறக்க வேண்டி வரும். கிருமி உள்ள போயிட்டா ஆபத்து. அசையாம படுங்க.”

“நீ கிளம்பு,” என்றாள் தம்பியிடம். “நாம ரெண்டு பேருமே இல்லாம அவரை அனுப்ப வேண்டாம்.”

அப்பாவை எடுத்துப்போன நேரத்தில் அவள் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மாவே வந்து சொன்னார். “மூளை நீர் இல்லை. அடைப்பு நல்லாப் பிடிச்சிருக்கு. அழுத தண்ணிதான் மூக்கு வழியா இறங்கியிருக்கு.”

“நான் அழவே இல்லையே டாக்டர்.”

டாக்டரம்மா அவளுடைய மரத்த கன்னத்தில் பஞ்சை ஒற்றிக் காட்டினார். பஞ்சு சொதசொதவென்று நனைந்திருந்தது. அவள் அதை யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மறுநாள் தம்பி திரும்பி வந்தான். “அப்பா முகம் எப்படிடா இருந்துச்சு?”

“தூங்குற மாதிரிதான்க்கா.”

“சரி,” என்றாள். தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னாள்.