செத்தவனுக்கு வசனமில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த அந்த லொட்ஜில், விசாவுக்குக் காத்திருந்த சனத்துக்கு வேறு வேலை இல்லை. ஊரில் சண்டை, கனடாவில் பிள்ளைகள், நடுவில் இவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருமாகச் சேர்ந்து வீடியோ டெக்கும் மூன்று படக்கொப்பியும் வாடகைக்கு எடுப்பார்கள். பொழுதுபட முன்னர் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே பேர்போன முகங்கள் இல்லாத இடங்களையெல்லாம், றிமோட் பிடிக்கும் வரதராசா ஈவிரக்கமில்லாமல் ஓட்டித் தள்ளிவிடுவான்.

இந்த ஞாயிறு மாட்டிக்கொண்டவர் நவரத்தினத்தார். இளந்தாரி வயதில் மெட்ராசுக்கு ஓடிப்போய்ப் படத்தில் நடித்தவர் அவர். அதோடு விட்டாரா? "நானில்லாட்டி அந்தப் படத்திலை கதையே இல்லை" என்று லொட்ஜ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தவளை தன் வாயால் கெடும். வரதராசா எங்கேயோ தேடிப்பிடித்து அந்தப் பழைய மர்மப் படத்தைக் கொண்டுவந்தே விட்டான்.

சொன்னது பொய்யில்லை. பிணம் இல்லாமல் கொலைப்படம் ஏது? அவர்தான் அந்தப் பிணம். நாலு பேர் தன்னைப் பார்த்து, நன்றாகச் செய்திருக்கிறார் என்று ஒரு தடவையாவது சொல்ல வேண்டும் என்பது அந்த மனிசனின் முப்பது வருட ஆசை. இன்றைக்கு அது சிரிப்பாய்ச் சிரிக்கப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

திரையில் இன்ஸ்பெக்டர் வெள்ளைத் துணியை விலக்கினார்.

"இதுதான் நான்" என்றார் நவரத்தினம்.

"வசனம் எப்ப வரும், அண்ணை?" என்று கேட்டான் வரதராசா.

"செத்தவனுக்கு என்னடா வசனம்?"

அறை குலுங்கிச் சிரித்தது. சிரித்த வேகத்திலேயே அடங்கியும் போனது. கதவடியில் இரத்தினம்மா இருந்தார். கொட்டாஞ்சேனையில் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட மகனை இரண்டு வருடமாகத் தேடுகிறவர். எங்கே ஒரு சடலம் என்று கேள்விப்பட்டாலும் ஓடிப்போய்த் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு வருகிறவர். வரதராசாவின் விரல் அவசரமாக றிமோட்டுக்குப் போனது.

"ஓட்டாதை தம்பி. திருப்பிப் போடு" என்றார் இரத்தினம்மா.

துணி மறுபடி விலகியது. அவர் எழுந்து வந்து டீவிக்கு முன்னால் குந்தினார். நவரத்தினத்துக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது போலிருந்தது. இந்த வேஷத்தைப் போய்ப் பெருமை பேசினேனே என்று மனம் குமைந்தது.

"இதிலை உங்களுக்கு எத்தினை வயசு அண்ணை?"

"இருவத்திரண்டு, தங்கச்சி."

இரத்தினம்மாவின் மகனுக்கும் அதே வயதுதான். அவர் திரையில் கிடந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மூச்சு விடுறது துளியும் தெரியேல்லை. நல்லாச் செய்திருக்கிறியள்."

காத்திருந்த சொல் வந்துவிட்டது. ஆனால் அதை ஏற்றுக்கொள்ள நவரத்தினத்துக்குத் துணிவு வரவில்லை.

"விடியத் துடக்கம் அப்பிடியே கிடந்தனான். லைட் சூட்டிலை கண்மடல் துடிக்கும். பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தனான்."

"பிறகு?"

"பிறகு துணியாலை மூடிவிடுவினம். அவ்வளவுதான்."

"அதில்லை அண்ணை. பிறகு எழும்பினியளோ?"

இன்றுவரை நவரத்தினத்திடம் யாரும் கேட்காத கேள்வி.

"ஓம் தங்கச்சி" என்றார் மெல்ல. "எழும்பினனான். முகத்திலை பூசினதைக் கழுவிப்போட்டுச் சாப்பிடப் போனனான்."

"என்ன தந்தவை?"

"இட்டலி. ஒரே மூச்சிலை ஆறு சாப்பிட்டனான்."

இரத்தினம்மா கையை நீட்டித் திரையின் கண்ணாடியைத் தடவினார்.

"பின்னை, பசிச்சிருக்கும்தானே" என்றார். "விடியத் துடக்கம் கிடந்த பிள்ளை."