நின்ற இடத்திலேயே நின்ற தண்ணீர்

அன்னூருக்குக் கிழக்கே பாலுசாமியின் தோட்டத்துக் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. காலையில் கொட்டிய தண்ணீர் மத்தியானத்தில் நின்றுவிடும். கிணற்றைப் பார்த்தால் தண்ணீர் கிடக்கும், மோட்டாரும் ஓடும், குழாயில் மட்டும் ஒரு சொட்டு வராது. கோயமுத்தூரிலிருந்து வந்த பிட்டர் கிணற்று மேட்டில் இருந்த பம்பைப் பிரித்துப் பார்த்து, பழுதில்லை என்று போய்விட்டார்.

காலேஜ் லீவில் வந்திருந்த மகன் திருமலைசாமி, குழாயில் தண்ணீர் நிற்கும்போது கிணற்றுத் தண்ணீர் எதுவரை இறங்கியிருக்கிறதோ அங்கே குழாயில் சுண்ணாம்பு தடவினான். மறுநாளும் அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. அக்கம்பக்கத்துக் கிணறுகளிலும் இறங்கி அளந்தான். குழாய் பெரிதானாலும் சிறிதானாலும், பம்பிலிருந்து ஏறக்குறைய அதே ஆழம்தான்.

"பம்பைக் கெணத்துக்குள்ள இருக்கற பாறைத் திட்டுல இறக்கிப் பாக்கலாமுங்க அப்பா."

"மழை பேஞ்சு கெணறு ரொம்புனா மோட்டார் முழுகிப் போயிருமே?"

"அதுக்குள்ள மேல ஏத்திப்போடலாமுங்க."

பாலுசாமி மசியவில்லை. அம்மா செல்லாத்தாள்தான் சொன்னாள்: "ஏனுங்க, பருத்தி வாடுது. எறக்கித்தான் பாருங்களே."

வடம் கட்டி இறக்கினார்கள். அன்று மத்தியானம் தண்ணீர் நிற்கவில்லை. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. திருமலைசாமிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. மேலே இருந்தபோது ஏன் வரவில்லை? யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அப்பா அவனை வக்கீலாக்க நினைத்திருந்தார். அவனோ காலேஜ் படிப்பு முடிந்ததும் விவசாயக் கல்லூரிக்கு மனுப் போட்டான். நேர்காணலில் கிணற்றுக் கதையைக் கேட்ட அதிகாரி சிரித்துக்கொண்டே, "ஏன் அந்த ஆழத்தோடு நின்றது?" என்றார்.

"தெரியலீங்க. அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேனுங்க."

இடம் கிடைத்தது. எந்திரப் பிரிவின் பாடத்தில் விடையும் கிடைத்தது. முதலில் அவனால் அதை நம்பவே முடியவில்லை. அடுத்த லீவில் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னான்: "பம்பு தண்ணிய இழுக்கறதே இல்லீங்கம்மா. அது குழாய்க்குள்ள இருக்கற காத்தத்தான் எடுக்குது. வெளிய இருக்கற காத்து தண்ணிய அமுக்கி மேல தள்ளுது. காத்தோட பலம் அந்த ஒசரத்துக்குத்தான்."

"எந்தக் காத்து கண்ணு? ஆடிக் காத்தா?"

"சும்மா நிக்கற காத்துங்க. நம்ம தலை மேலயும் இருக்குது."

செல்லாத்தாள் முற்றத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஊட்டி மலைல காத்து கம்மின்னு சொல்றாங்களே. அங்க கெணறு வெட்டுனா தண்ணி எவ்வளவு ஒசரம் ஏறும்?"

இதை அவன் யோசித்ததே இல்லை.

அந்த லீவு முடியுமுன்னே ஒரு பழைய கைப்பம்பைத் தூக்கிக்கொண்டு, மேட்டுப்பாளையத்தில் ஊட்டி மலை ரயிலுக்கு டிக்கெட் வாங்கினான்.