உருண்டையாகத் தெரிந்த வெள்ளி

அவருக்குக் கிரகம் என்று பெயர் வைத்தது அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான். வானோக்குக் கூடத்தின் மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி ஊருக்கெல்லாம் கிரகம் காட்டுகிறவர் என்பது ஒரு காரணம். எந்தக் கூட்டத்திலும் சிரிக்காமல் ஓரமாக நிற்பார் என்பது இன்னொன்று. "கிரகம் வந்தாச்சா, கிரகம் சாப்பிட்டாச்சா" என்று இருபத்தாறு வருஷமாகக் கேட்டுப் பழகியதில், சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்தான்.

அந்த வாரம் வெள்ளி உச்சப் பிரகாசத்தில் இருந்தது. பேப்பரில் வேறு போட்டுவிட்டார்கள். சூரியன் மறையும் முன்பே மாடியில் ஆரம்பித்த வரிசை படிக்கட்டில் இறங்கி வாசல் வரை போயிருந்தது.

பூமிக்குப் பக்கத்து வீடான இந்த வெள்ளியிடம் ஒரு வேடிக்கை உண்டு. மிக அதிகமாக ஜொலிக்கும் நாட்களில் அது முழுசாக இருப்பதில்லை. நம்மை நெருங்கி வந்திருக்கும், ஆனால் வெயில் படும் பக்கத்தில் ஒரு கீற்றுதான் நமக்குத் தெரியும். தொலைநோக்கியில் பார்த்தால் குட்டிப் பிறை. பெரிய உருண்டையை எதிர்பார்த்து வந்தவர்கள், "என்ன சார், நிலாவக் காட்டி ஏமாத்துறீங்க" என்று சண்டைக்கே வந்துவிடுவார்கள். அந்தச் சண்டைக்காகவே அவர் முன்கூட்டி எதையும் சொல்லமாட்டார். பார்க்கட்டும், முழிக்கட்டும், அப்புறம் விளக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டு நிற்பார். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறும்பு அதுதான்.

இந்த வருஷம் அவருக்கே பிறை தெரியவில்லை. வலது கண் சின்ன வயதிலிருந்தே பேருக்குத்தான். வேலை பார்த்த இடது கண்ணிலும் நடுவில் ஒரு கறை விழுந்து, எதை நேராகப் பார்த்தாலும் அதை மட்டும் மறைத்தது. "நடுப்பார்வை போயிடுச்சு. ஓரத்துல தெரியும். இருக்கறதக் காப்பாத்திக்கலாம், போனது போனதுதான்" என்றார் டாக்டர். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். கீழே சாமான் அறையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். மாடிக்கு வேறு ஆள் வருவார். தொலைநோக்கி இல்லாத தன்னை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பயந்தார், அவ்வளவுதான்.

எட்டு மாதமாக ஒரு கீறல்தான் அவரைக் காப்பாற்றி வந்தது. கண் நன்றாக இருந்த காலத்தில் ஃபோகஸ் குழாயின் மேல் பிளேடால் போட்டு வைத்தது. நகத்தால் தடவி அந்த இடம் வரை குழாயை இழுத்து நிறுத்தினால் படம் ஊசி முனையாக நிற்கும். கிரகத்தைத் தேடிப் பிடிக்க ஓரப்பார்வை போதும். மற்றதை நகம் பார்த்துக்கொண்டது.

அன்று மத்தியானம்தான், வரும் கூட்டத்துக்காக, கண் வைத்துப் பார்க்கும் சின்ன வில்லையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார் மேலாளர். வில்லை மாறினால் ஃபோகஸ் இடமும் மாறும். கத்துக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எட்டு மாதப் பழக்கம். நகம் கீறலைத் தேடிப் போயிற்று, குழாய் அங்கேயே நின்றது.

முதலில் பார்த்தவர் ஒரு பஸ் டிரைவர், சீருடையோடு வந்திருந்தார்.

"எவ்வளவு பெருசா இருக்கு சார். நல்லா முழு உருண்டையா."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று கிரகம் விட்டுவிட்டார். அடுத்து ஒரு நர்ஸ். "தட்டு மாதிரி வட்டமா இருக்கு, வளையம் வளையமா" என்றாள். அவளுக்குப் பின்னால் வந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். ஐந்தாவது ஆள் வாயைத் திறக்கும் முன்பே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சண்டைக்கு யாருமே வரவில்லை.

ஃபோகஸ் கலைந்தால் எந்த வெளிச்சமும் ஊதிப்போய் வட்டமாகத்தான் தெரியும். அவர்கள் பார்த்தது வெள்ளியை இல்லை, தொலைநோக்கி வாயின் வட்டத்தை. அதைச் சரிசெய்ய ஒரே வழிதான் இருந்தது. வரிசையில் ஒருவரைக் கூப்பிட்டு, "குழாய மெதுவா நகர்த்துங்க, பிறை தெரிஞ்சதும் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். படிக்கட்டு அருகே மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட்டால் அந்த நிமிஷமே குட்டு உடைந்துவிடும்.

அவர் கேட்கவில்லை. எழுபது பேருக்கு மேல் வந்தார்கள், பார்த்தார்கள், பூரித்துப் போனார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நாள் ஆசை தம்பி, கண் குளிரப் பாத்துட்டேன்" என்றார். "சந்தோஷம் ஐயா" என்று சொன்ன கிரகத்துக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் கிடைக்காத பாராட்டு முழுவதும் அந்த ஒரு சாயங்காலத்தில் வந்து விழுந்தது, அத்தனையும் பொய்க்கு.

வரிசையின் கடைசியில் அவர் மனைவி நின்றாள். முழங்கால் வலியைச் சொல்லி இத்தனை வருஷமும் இந்த மாடியை மிதிக்காதவள்.

"நீ எங்க இங்க?"

"ஏன், நான் பாக்கக் கூடாதா?"

அவருக்குத் திக்கென்றது. வெள்ளி எப்போது பிறையாகும், ஏன் ஆகும் என்பதைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து இருபத்தாறு வருஷமாக அவளிடம்தானே ஒப்பித்திருக்கிறார். இவள் கேட்டுவிடுவாள். மேலாளரும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார்.

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பிறை ரொம்ப அழகா இருக்குங்க. நீங்க சொல்ற மாதிரியே, ரெண்டு முனையும் கூரா."

முன்பின் தெரியாத எழுபது பேர் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். இவள் ஒருத்திதான் பொய் சொன்னாள்.

மேலாளர் வந்து தோளில் தட்டினார். "கிரகம், கலக்கிட்டீங்க. இந்த மாதிரி ஜனங்க சந்தோஷமாப் போய் நான் பாத்ததே இல்ல. உங்களுக்குச் சுக்கிர திசைதான். நாளைக்கும் இப்படியே இருக்கட்டும், எதையும் மாத்திடாதீங்க."

"சார், இன்னிக்கு நான் யாருக்கும் வெள்ளியக் காட்டல" என்றார் கிரகம். "ஃபோகஸ் தப்பு. எனக்குக் கண்ணு தெரியல. எட்டு மாசமா."

மேலாளர் அவரையும் தொலைநோக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரும் குறை சொல்லலையே. உங்க கண்ணு விஷயம் நம்மோட இருக்கட்டும். நீங்க பாட்டுக்கு நில்லுங்க" என்றார்.

நல்ல மனிதர்தான், உதவி செய்வதாகவே நினைத்துச் சொன்னார். கிரகம் பயந்தது நடக்கவில்லை, மாடி அவருக்கே மிஞ்சியது. அப்படி மிஞ்சிய இடத்தில் நிற்கத்தான் மனம் வரவில்லை. மாடிச் சாவியை எடுத்து மேலாளர் கையில் வைத்தார். "பாக்கத் தெரிஞ்ச ஆளாப் போடுங்க சார்" என்றார்.

படிக்கட்டில் மனைவி ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவரையும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதியில் அவர் நின்றார்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"என் முகத்தப் பாத்துப் பேசிட்டு இருந்தவரு" என்றாள் அவள், "ஒரு நாள் திடீர்னு என் காதப் பாத்துப் பேச ஆரம்பிச்சீங்க. அன்னிலேருந்து."

அவர் அவள் பக்கம் திரும்பினார். கண் நேராக அவள் காதுக்குத்தான் போயிற்று. அங்கே பார்த்தால்தான் அவருக்கு முகம் தெரிந்தது.