இன்ஜின் பக்கம்

முப்பத்தெட்டு நாட்களாக அம்மா ஒரு நாள்கூடத் தவறாமல் இடுப்புப் பயிற்சி செய்தார். காலை ஐந்தே காலுக்கு, குளிரில், பாய் விரித்து. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது பத்து முறை. பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக் கையையும் இடக் காலையும் நீட்டிப் பத்து விநாடி. பக்கம் மாற்றி மறுபடியும். கிளினிக்கில் சொல்லித் தந்ததுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முதுகு வளையவில்லை. மூச்சை அடக்கவில்லை.

மாலையில், வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதுவேன். ஏழு. எட்டு. ஏழு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மூன்று.

உயிரியல் படித்தவள் நான். தசை வலுப்பட்டிருப்பது கண்ணுக்கே தெரிந்தது. வலி மட்டும் ஏன் குறையவில்லை என்று புரியவில்லை. இன்னும் நான்கு நாளில் மறுபடியும் கிளினிக். குறையாவிட்டால் மிசின் வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் தருவார்கள். அம்மாவுக்கு அதுதான் பயம்.

தேயிலை வெட்டும் மிசினை, செடி வரிசையின் இரு புறமும் நின்று இருவர் பிடிக்க வேண்டும். இன்ஜின் இருக்கும் முனை கனம். அதனால் வரிசைக்கு வரிசை பக்கம் மாற்றிக்கொள்வது வழக்கம்.

“பக்கம் மாத்திக்கிறீங்களாம்மா?”

“மாத்தாம? நானும் திலகமும் மாறி மாறித்தான்.”

திலகம் அத்தை எங்கள் லயனில், தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்த வீடு. அன்று மாலை வலக் கையில் ஒரு கட்டுக் கீரையோடு வந்தார். அம்மா பாயில் இருந்தார்.

“நல்லா படிச்ச போ. அம்மாவ நாலு கால்ல நிக்க வச்சிட்டியே!”

“நீங்களும் வாங்க அத்தை.” பாயில் ஓர் ஓரத்தைக் காட்டினேன்.

“அவளுக்கு எதுக்கு? விடும்மா,” என்றார் அம்மா, அவசரமாக.

“இரு அக்கா, நானும் செஞ்சு பாக்குறேன்.”

அத்தை இடக் கையை நீட்டினார். பத்து விநாடி ஆடாமல் நின்றார். பக்கம் மாற்றி வலக் கையைத் தூக்கியதும், ஊன்றிய இடக் கை மடங்கித் தோள் பாயில் இடித்தது. சிரித்தார். மறுபடியும் முயன்றார். மறுபடியும் மடங்கியது.

“கிழவியாயிட்டேன் போல.”

நான் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே சதை வற்றியிருந்தது. நகத்தால் அழுத்திக் கிள்ளினேன். அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலிக்கலயா அத்தை?”

“எங்க?”

கிள்ளிய இடம் சிவந்திருந்தது. அத்தை குனிந்து அதைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“குளிருல வெறைச்சிருக்கும். நீ போயி தண்ணி சுட வை,” என்றார் அம்மா.

நான் எழவில்லை. வலி அம்மாவுடையது. கை அத்தையுடையது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நோட்டைப் புரட்டினேன். ஏழு, எட்டு, ஏழு.

“பேசாம இருடி,” என்றார் அம்மா. என்னிடமில்லை, ஏதோ சொல்ல வாயெடுத்த அத்தையிடம்.

“எத்தனை நாளைக்குக்கா? உன் இடுப்பு போயிரும்.” அத்தை என் பக்கம் திரும்பினார். “மூனு மாசமா இந்தக் கைக்கு ஒன்னுமே தெரியலம்மா. தோட்டத்து ஆபீசுக்குத் தெரிஞ்சா என்னை வேலைய விட்டு எடுத்துருவாங்கன்னு உங்கம்மா யார்கிட்டயும் சொல்லல. இன்ஜின் பக்கம் நான் ஒரு வரிசைகூடப் புடிக்கல. தெனமும் உங்கம்மாதான்.”