தொலைபேசியில் வரும் அக்கா

டெஸ்மனுக்கு அவன் அக்கா மேல் உயிர். அதில் பிரியந்திக்குத் துளியும் ஐயமில்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த அக்கா அவள்தான் என்பதை அவன் ஒப்புக்கொள்வதில்லை.

"முகம் அக்கான்ரை முகம்தான், மிஸ். ஆனா நீங்கள் அவ இல்லை" என்பான், வெகு மரியாதையாக.

மனச்சிதைவு நோய் அவனைப் பிடித்த இத்தனை வருடத்தில் அவள் பார்க்காத கூத்தில்லை. காதில் கேட்ட குரல்கள்கூட ஊசியோடு அடங்கிவிட்டன. இது மட்டும் குரங்குப்பிடியாக நின்றது. பழைய படங்களைக் காட்டினாள், அழுதாள், ஒருநாள் கத்தியும் பார்த்தாள். வாய் உளைந்ததுதான் மிச்சம். வாதாட வேண்டாம் என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொல்லிவிட்டாள். சொல்வாள். அவள் தம்பியா அவளை மிஸ் என்கிறான்?

வழி தற்செயலாகத்தான் திறந்தது. ஈஸ்ட் டாமாக்கியில் அவள் வேலை செய்யும் வெயார்ஹவுஸிலிருந்து, குளிசை போட்டானா என்று கேட்க ஒரு மத்தியானம் அவனுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா! எங்க நிக்கிறாய்? எவ்வளவு நாளா உன்னைத் தேடுறன்!"

முகத்தை நம்பாதவன் போனில் வந்த குரலை நம்பினான். பிரியந்தி பெட்டிகளுக்கு நடுவே நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

அதன்பிறகு வேலை முடிந்து வீடிருக்கும் தகனினிக்கு வந்ததும், தெருமுனையில் காரை நிறுத்தி அக்காவாகப் போனில் கதைப்பாள். பிறகு வீட்டுக்குள் போய் மிஸ் ஆகிவிடுவாள். அக்கா சொன்னால் அவன் குளிப்பான். மிஸ் தரும் குளிசையை மறுபேச்சின்றி விழுங்குவான்.

"அந்த மிஸ் எப்பிடி?" என்று ஒருநாள் கேட்டாள். தன்னைப் பற்றிய கோளைக் கேட்க யாருக்குத்தான் ஆசையில்லை?

"பாவம், நல்ல மனுசி. உன்னை மாதிரியே மீன்குழம்பு வைக்கிறா. அவவுக்கு ஒருத்தரும் இல்லைப் போல. எப்பவும் முகம் வாடிக் கிடக்கு. நீ எப்ப வருவாய், அக்கா?"

எத்தனையோ முறை மழுப்பிய கேள்வி. அன்று மனம் கேட்கவில்லை. குரலையும் முகத்தையும் ஒன்றாகக் கொண்டுபோய் நிறுத்தினால் நம்பமாட்டானா?

"இப்ப வாறன், தம்பி. வாசலுக்கு வா. போனை வைக்காதை."

கதைத்துக்கொண்டே நடந்தாள். அவன் போனைக் காதில் வைத்தபடி வாசற்படியில் நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்திட்டன். இஞ்ச பார்."

பார்த்தான். அவள் முகத்தை, பிறகு அவள் கையிலிருந்த போனை. சிரிப்பு வற்றிப்போனது.

"மிஸ், அக்கான்ரை போன் உங்களிட்ட எப்பிடி வந்தது?" குரல் நடுங்கியது. "அக்காவுக்கு என்ன நடந்தது?"

பிரியந்தி போனைக் கீழே இறக்கினாள். கிடைத்த ஒரே அக்காவையும் அவனிடமிருந்து அவளே பறித்துவிடுவாளோ?

"ஒண்டும் நடக்கேல்லை. போனைத் தந்து விட்டவ. வேலையில நிக்கிறா. வருவா."

"கட்டாயம்?"

"ஓம். கட்டாயம்."

அவன் பெருமூச்சு விட்டுப் படியில் குந்தினான். கொஞ்சம் தள்ளி அவளுக்கும் இடம் விட்டான்.

"அப்ப நீங்களும் இருங்கோ, மிஸ். வருமட்டும் பாத்துக்கொண்டிருப்பம்."

பிரியந்தி அவன் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். அக்கா வந்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அவளுக்கும் இருந்தது.