வாயில் பிடித்த கிளிப்

குளிக்கப் போகுமுன் சட்டையைக் கழற்றி வாளியில் எறிந்தபோது டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. சில்லறையாக இருக்கும் என்று பையைத் துழாவினான் மிஷின்காரன். கையில் வந்தது ஒரு கிளிப். ரப்பர் குழாயைச் சுற்றிப் போட்டுத் திருகி இறுக்குகிற, கட்டைவிரல் பருமன் இரும்பு வளையம். புத்தம் புதுசு, ஒரு கீறல் இல்லை. வாங்கி வந்த பெட்டியில் இரண்டு இருந்தன. இரண்டும் இப்போது வேனுக்கு அடியில் இருக்க வேண்டும்.

வேன் கிளம்பிப் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. உள்ளே மனைவி, மகள், கண் ஆபரேஷன் செய்த மாமியார்.

தையல் மிஷின் ரிப்பேர் பார்த்தே இருபது வருஷம் சாப்பிட்டவன் அவன். தெருவில் அதுதான் பேர். போன வாரம் நாற்சந்தி நடுவில் வேன் உயிரை விட்டது. பின்னால் ஒரு லாரி பிரேக் அடித்துத் தேய்த்துக்கொண்டு வந்து ஒரு சாண் தள்ளி நின்றது. அன்றைக்கு மகள் போட்ட அலறல் இன்னும் அவன் காதைவிட்டுப் போகவில்லை. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் போய்விட்டது, ஃபில்டரும் அடைத்துக்கொண்டிருக்கிறது, ஒரு வாரம் ஆகும் என்றான் ஒர்க்‌ஷாப்காரன். ஒரு வாரமாவது மண்ணாவது! ரெண்டையும் வாங்கிக்கொண்டு வந்து இன்று காலையிலேயே வேனுக்கு அடியில் படுத்துவிட்டான்.

வேலையில் குறை சொல்ல முடியாது. பின் சீட்டைத் தூக்கி, டேங்கைத் திறந்து, பழைய பம்பை எடுத்துப் புதுசை இறக்கினான். ஃபில்டருக்கு இரண்டு முனை, முனைக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு கிளிப். முதல் கிளிப்பை இறுக்கினான். இரண்டாவதை வழக்கம்போல வாயில் கவ்வியிருந்தான். ஸ்க்ரூவோ ஊசியோ, கையில் இடம் இல்லாததெல்லாம் அவனுக்கு வாய்க்குத்தான் போகும். அந்த நேரத்தில் யார் எது கேட்டாலும் பதில் ஒரே ஒரு 'ம்'. வீட்டில் அந்த 'ம்'முக்கு ஆமாம் என்று அர்த்தம்.

இன்றைக்கும் மனைவி வந்து நின்றாள்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"இந்த 'ம்' எல்லாம் வேணாம். நாலு மணிக்கு அம்மாவ டாக்டர் வரச் சொல்லியிருக்கார். வாயத் தொறந்து சொல்லுங்க."

வாயைத் திறந்தான். திறப்பதற்காகக் கிளிப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். "முடிஞ்சுது, முடிஞ்சுது. அஞ்சு நிமிஷம்" என்றான். சொன்ன வாய்க்கே முடிந்துவிட்டதாகத் தோன்றிவிட்டது போலிருக்கிறது, சனியன். வெளியே வந்து எஞ்சினைப் போட்டான். பூ மாதிரி ஓடியது. குனிந்து பார்த்தான், ஒரு சொட்டு இல்லை. புதுக் குழாய், வெறும் பிடிப்பிலேயே கொஞ்ச நேரம் தாங்கியிருக்கிறது.

அத்தோடு விட்டானா? ஸ்டீயரிங்கில் உட்கார்ந்த மனைவிக்குப் புத்திமதி வேறு சொன்னான், மகராசன். "ரெண்டு நாளைக்குப் பெட்ரோல் வாடை அடிக்கத்தான் செய்யும், பயந்துடாத. ஓட்டும்போது போன் எடுக்காத."

இப்போது அவன் கூப்பிடக் கூப்பிட அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. சொன்ன சொல் தட்டாதவள். மாமியாரின் போன் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. அந்த வேனின் பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது, வெளியிலிருந்துதான் இழுக்க வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதையும் ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டவன் அவன்தான். அதை நினைத்ததும் வெளியே ஓடினான்.

வாசலில் மகளின் சைக்கிள்தான் நின்றது. வெற்றுடம்போடு, அரை டிராயரோடு அதில் ஏறினான். மிதிக்கும்போது முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்தன. தெருவே பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். தெருமுனையில் சொட்டு இல்லை. கடைத்தெருவில் இல்லை. அப்பாடா என்று நினைக்கும்போதே சிக்னல் அருகில் கைக்குட்டை அகலத்துக்கு ஓர் ஈரம். குனிய வேண்டிய அவசியமே இல்லை, மூக்கில் ஏறியது. அதற்கப்புறம் முழத்துக்கு ஒரு சொட்டு, பாலத்துப் பக்கம் போயிற்று. ஐயோ, என் கையாலயே, என் கையாலயே என்று மனசு அடித்துக்கொண்டது. எதிரே புகை தெரிகிறதா என்று பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம்.

புகை இல்லை. பாலத்து ஏற்றத்தில் வேன் நின்றுகொண்டிருந்தது. பக்கக் கதவு சாத்தியிருந்தது. வண்டிக்கு அடியில் தார் கறுத்து, அந்தக் கறுப்பு சரிவில் இறங்கி அவனை நோக்கி வந்தது. கிர்ர்ர் என்று ஸ்டார்ட்டர் சுற்றி ஓய்ந்தது. குழாய் கழன்றுவிட்டது. இனி ஒவ்வொரு தடவை சாவியைத் திருகும்போதும் பம்ப் பெட்ரோலை ரோட்டில் இறைக்கும். நல்ல பம்ப். அவன் பார்த்துப் பார்த்து வாங்கியது.

நூறடி இருக்கும்போது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தான்.

"ஏங்க, வண்டி ஏத்தத்துல நின்னுடுச்சு. நின்னதுக்கு அப்புறந்தான் பண்றேன், திட்டாதீங்க. நாலு தடவ சாவியத் திருகிப் பாத்துட்டேன். வாடை வேற கொடலப் புரட்டுது. நீங்க சொன்னதால பயப்படல. இன்னொரு தடவ போட்டுப் பாக்கட்டுமா?"

வேண்டாம் என்று கத்தினான்.

"ம்ம்!"

அப்போதுதான் பல்லில் இரும்பு இடித்தது. டிராயரில் பை இல்லாததால், ஏறும்போதே கிளிப்பை வாயில் கவ்வியிருக்கிறான். இருபது வருஷப் பழக்கம்.

"சரிங்க" என்றாள் அவள்.

கிளிப்பைத் துப்பினான். அது தாரில் விழுந்து துள்ளி, பெட்ரோல் ஈரத்தில் உருண்டது. வேனின் பின் கண்ணாடியில், தன் சைக்கிளை அடையாளம் கண்டுகொண்ட மகள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.